பதினேழாம் நம்பர் கல்

என் மகள் ஜமீலா தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். பாறை எப்படி உடைகிறது, உடைந்த பாறை எப்படி இடம் விட்டு இடம் போகிறது என்று அந்த வகுப்பில் ஒரு பாடம் இருக்கிறது. அவள் வாப்பா முப்பத்தொரு வருஷம் அதைத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குப் போன மாதம்தான் உறைத்தது.

குற்றாலத்தில் ஒரு பாறைச் சரிவுக்கு இரும்பு வலை போட்டு, கல் அசைந்தால் செல்போனுக்குத் தகவல் அனுப்புகிற கருவி மாட்டியிருக்கிறார்கள். மாட்ட வந்தவர்கள் என்னைக் கூப்பிட்டு, முன்னாலெல்லாம் எதை வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். கண்ணை வைத்து என்றேன். சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜமீலா சிரிக்கவில்லை. "வாப்பா, இத எம் பிள்ளைகளுக்கு எழுதிக் குடுங்க" என்றாள்.

பிள்ளைகளே, நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. பாடம் மாதிரி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். நடுவில் பாடம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த அருவி, எந்தப் படிக்கட்டு என்று மட்டும் எழுதப்போவதில்லை. குற்றாலத்தில் அருவிக்குக் குறைச்சல் இல்லை, உங்களுக்குப் பிடித்த ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இப்போதுதான் என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

நான் மஸ்தூராக, அதாவது கூலியாளாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றேன். என்னோடு வேலை பார்த்தவன் சுடலை. எனக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவன் என்பதால் கடைசி நாள் வரைக்கும் தன்னை சீனியர் என்று சொல்லிக்கொண்டான். முதல் வருஷம் எங்களுக்குக் கொடுத்த வேலை, அருவி விழுகிற இடத்தில் தண்ணீர் கொண்டுவந்து போட்ட கல்லையெல்லாம் பொறுக்கி வெளியே போடுவது. குளிக்கிறவர்கள் காலைக் கிழித்துக்கொள்ளக் கூடாது அல்லவா. இரண்டு வாரம் பொறுக்கினோம். இடம் சுத்தமானது. அடுத்த வருஷம் போனால் அதே அளவு கல். இது எப்போது முடியும் என்று சுடலையிடம் கேட்டேன். "மல தீந்தா முடிஞ்சிரும்லே பீரு" என்றான். அவன் கேலிக்குச் சொன்னான். கணக்குப்படி அது சரியான பதில்.

மலை தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் பார்க்கிற வேகத்தில் இல்லை, அவ்வளவுதான். பங்குனி, சித்திரை வெயிலில் பாறையின் மேல்தோல் சுடும், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். சுட்ட தோல் கொஞ்சம் விரியும். ராத்திரி ஆறும். பிறகு சாரல் வந்து நனைக்கும். இப்படி விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, வெங்காயத்தில் சருகு கழல்கிற மாதிரி பாறை ஏடு ஏடாகக் கழலும். மேலே இருந்து அழுத்திக்கொண்டிருந்த பாரம் குறையக் குறைய, அதனாலும் பாறை ஏடு விடும் என்று பின்னாளில் ஒரு இன்ஜினீயர் சொன்னார். கழன்ற இடுக்கில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் சும்மா இருக்காது. இலை அழுகின புளிப்பையெல்லாம் சேர்த்துக்கொண்டு போய்ப் பாறையை உள்ளிருந்து கரைக்கும். கருங்கல் என்றால் கரையாது என்று நினைப்பீர்கள். பல நூறு தலைமுறை ஊறவைத்தால் கருங்கல்லும் களிமண்ணாகும். அதை விரலால் பிட்டு எடுக்கலாம். நானே பிட்டிருக்கிறேன்.

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திப் பூவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறீர்களே, அங்கே காலுக்குக் கீழே இருப்பதும் பாறைதான். மாவாகிப் போன பாறை.

உடைந்த கல் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு நாள் சைக்கிள் எடுங்கள். அருவிக்குக் கீழே ஒரு கல் எடுங்கள், கையைக் கிழிக்கும், அவ்வளவு கூர். தென்காசியில் சிற்றாற்றுப் பாலத்துக்கு அடியில் ஒன்று எடுங்கள். முனை மழுங்கி அவித்த கிழங்கு மாதிரி இருக்கும். உருண்டு உருண்டு, ஒன்றோடொன்று இடித்து இடித்து அப்படி ஆனது. ஆறு தாமிரபரணியில் சேருகிற சீவலப்பேரி வரைக்கும் போக முடிந்தால் அங்கே கையில் அள்ளுவது மணல். சைக்கிளில் அவ்வளவு தூரம் போக வேண்டாம், டீச்சர் என்னைத் திட்டுவாள். உங்கள் வீட்டுச் சுவர்ப் பூச்சைச் சுரண்டினாலே போதும். அதிலும் ஏதோ ஒரு மலை இருக்கிறது.

கீழே கிடக்கிற கல்லால் தொந்தரவு இல்லை. மேலே இருந்து வரப்போகிற கல்தான் எங்கள் வேலை.

வைகாசியில், சீசனுக்கு முன்னால், படிக்கட்டுகளுக்கு மேலே இருக்கிற பாறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மேலே உறுதியான மரத்தில் கயிறு கட்டி, அந்த மரம் போனால் பிடிக்க இன்னொரு மரத்தில் இன்னொரு கயிறு கட்டி, இடுப்பில் முடிந்துகொண்டு இறங்குவோம். கையில் சுத்தியல். ஒரு கல்லுக்கு மூன்று தட்டு: தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. "ணங்" என்று கேட்டால் கல் மலையோடு சேர்ந்திருக்கிறது. "டொக்" என்று கேட்டால் பின்னால் இடைவெளி விழுந்துவிட்டது. உங்கள் வீட்டுத் தரையில் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள், புரியும். உம்மாவிடம் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

டொக் என்ற கல் குடத்தளவு இருந்தால், கீழே ஆள் இல்லை என்று மூன்று விசில் கொடுத்துவிட்டுக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவோம். பீரோ அளவு இருந்தால் தொடக் கூடாது. விரிசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். பக்கத்தில் கல்லின் நம்பர். கல் அசைந்தால் கோடு இரண்டாக விலகும். அப்போது மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி போய்ப் பார்த்து, தட்டி, பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் கட்டங்கள் உண்டு: கல் எண், கோடு, அசைவு, காரணம். காரணம் என்ற கட்டத்தில் மழை, வேர், மண் அரிப்பு, பிற என்று அச்சடித்திருக்கும். ஒரு தடவை குரங்கு ஒரு கல்லை உருட்டிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "பிற" என்று எழுதி, அடைப்பில் குரங்கு என்று போட்டேன். அப்போதிருந்த அதிகாரி சிவப்பு மையால் குரங்கை அடித்துவிட்டார்.

வேர் என்பதை நான் ஆரம்பத்தில் நம்பவில்லை. ஒரு இடுக்கில் ஆலமரத்துக்குச் சொந்தமான இச்சிச் செடி ஒன்று இரண்டு இலையோடு நின்றது. பார்க்க அழகாக இருந்ததால் பிடுங்காமல் விட்டேன். நாலு வருஷத்தில் அதன் வேர் என் முழங்கைத் தடிமனாகி, பீரோ அளவு கல்லை ஒரு சாண் தள்ளி வைத்திருந்தது. கடப்பாரை போட்டு எட்டு ஆள் நெம்பினாலும் அப்படி நகராது. செடிக்கு அவசரம் இல்லை, அதுதான் அதன் பலம். அதிலிருந்து அழகான செடி எதைக் கண்டாலும் பிடுங்கிவிடுவேன்.

இப்போது பதினேழாம் நம்பர் கல்.

அது ஒரு மினி பஸ் அளவு இருக்கும். படிக்கட்டு திரும்புகிற இடத்தில், மலையை ஒட்டி நிமிர்ந்து நின்றது. பக்கவாட்டில் பார்த்தால் மலைக்கும் அதற்கும் நடுவே மேலிருந்து கீழாக விரிசல். கட்டை விரல் நுழையும். நெஞ்சு உயரத்தில் மட்டும் விரிசலின் வாய் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி அகன்றிருக்கும். அதற்குக் கீழேதான் அருவிக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். எட்டுக் கடைகள். கல்லுக்கு நேர் கீழே கோமதி அக்காவின் மிளகாய் பஜ்ஜிக் கடை.

நாங்கள் தட்டிப் பார்த்தோம். டொக். கோடு போட வேண்டும். விதிப்படி மஞ்சள் ஆயில் பெயிண்ட். அன்றைக்கு டப்பாவைத் திறந்தால் பெயிண்ட் காய்ந்து ரப்பர் மாதிரி ஆகியிருந்தது. சுடலை லீவு நாளில் வெள்ளையடிக்கப் போகிறவன். ஒரு கோவில் மதிலுக்கு அடித்ததில் மீதி சுண்ணாம்பும் செங்காவியும் அவன் சைக்கிளில் தொங்கியது. "இத அடி, அடுத்த மாசம் மஞ்சள் வந்ததும் மாத்திக்கிடலாம்" என்றான். இரண்டு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பூசி, காய்ந்ததும் குறுக்கே ஒரு செங்காவிக் கோடு போட்டேன். நான் போட்ட கோடுகளிலேயே அதுதான் நேரானது. பதினேழு என்ற நம்பரை எழுத இடமில்லை.

அடுத்த மாதம் மஞ்சள் வரவில்லை. அதற்கடுத்த மாதம் கல்லின் தலையில் ஒரு செவ்வந்திப் பூ இருந்தது.

மூன்றாம் மாதம் சூடம் கொளுத்திய கரி. ஆறாம் மாதம் அதற்குப் பேர் வந்துவிட்டது, கோட்டு மாடன். கேரளாவிலிருந்து வேனில் வருகிறவர்கள்கூட விசாரித்துக் கும்பிட்டார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களில் ஒருவர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். அதை நான் செய்யவில்லை. கோட்டை மாற்றவில்லை. அதோடு, சுத்தியலால் தட்டுவதையும் விட்டுவிட்டேன். பத்துப் பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற கல்லை நான் போய் நங்கு நங்கென்று தட்டுவது நன்றாக இருக்காது என்று பட்டது. அதிலும் பாய் தட்டுவது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். சுடலையைத் தட்டச் சொன்னேன். "எனக்குப் பிள்ளகுட்டி இருக்குலே" என்றான். ஆகவே ஒன்றாம் தேதிதோறும் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லுக்கு முன்னால் இரண்டு நிமிஷம் நின்று, கோட்டைக் கூர்ந்து பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு போவேன். "கல் 17. கோடு நேராக உள்ளது. அசைவு இல்லை."

நாலு வருஷம் அப்படியே எழுதினேன். நாலு சாரல், நாலு ஐப்பசி மழை. கோடு புத்தம் புதுசாக இருந்தது. இவ்வளவு மழைக்கும் கரையவில்லையே என்று செங்காவியைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொன்னேன். சுவருக்கு அடிக்க வேண்டும் என்று விலைகூட விசாரித்தேன்.

எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது சண்முகத்தாய் மேடம் மேலதிகாரியாக வந்தார். ராயகிரிப் பக்கம். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அவரைப் போல ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை. சத்தம் போட மாட்டார், சிரிக்கவும் மாட்டார். காதில் எப்போதும் ஒரு பென்சில். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் உதடு அசைய வாசிப்பார். நாம் சொன்னதைத் திருப்பி நம்மிடமே கேள்வியாகக் கேட்பார். வேலை முடிஞ்சிட்டு என்றால், "முடிஞ்சிட்டா?" என்பார். அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டதும் நமக்கு முடியாத வேலையெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

முதல் நாலு மாதம் நான் எழுதினதற்குக் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது மாதம், சீசனுக்கு முன்னால், தானே எல்லாக் கல்லையும் பார்க்க வேண்டும் என்று கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, துணிப்பையில் ஒரு இரும்பு ஸ்கேலோடு வந்துவிட்டார். பதினாறு கல் பார்த்து முடித்தோம். பதினேழுக்கு வந்தோம். நான் செருப்பைக் கழற்றினேன். அவர் என் காலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கோடு நேராக இருக்கிறது என்றேன்.

"கோடு நேரா இருக்கா, கல்லு நேரா இருக்கா?"

இரண்டும் ஒன்றுதானே மேடம் என்றேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அப்போது கோமதி அக்கா வந்தார். ஐம்பது வயசு, கனத்த உடம்பு, எட்டுக் கடைக்கும் கேட்கிற குரல். அதிகாரி அம்மா வந்திருக்கிறார்களே என்று தட்டில் பூவும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து, பழத்தை அந்தக் கிண்ணம் மாதிரி இருந்த வாயில் வைத்தார். பழம் உள்ளே விழுந்துவிட்டது. கீழே எங்கேயோ போய் மோதுகிற சத்தம் கேட்டது.

கோமதி அக்கா சிரித்தார். "இந்தப் பழமும் காணாது போலுக்கு. மொதல்ல வைக்கயில புளியங்குடிப் பழத்துல பொடிசா பாத்துதான் வாங்குவேன், கோலிக்கா கெணக்கா. அதுதான் நிக்கும். பொறவு நடுப்பழம். இப்பம் பெரும்பழமும் உள்ள போயிருது. மாடனுக்குப் பசி கூடிட்டும்மா."

மேடம் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "பசி கூடிட்டா? எப்பருந்து?"

"வருசம் மூணா கூடிக்கிட்டுதான் வருது. போன ஐப்பசி மழைக்குப் பொறவு ரொம்பக் கூடிட்டு."

"இந்தக் கோடு யார் போடுதது?"

"நாந்தான். பாய் ஒண்ணாந்தேதி வருவாகல்லா. அதுக்கு மொத நாளு பழசு மேல சுண்ணாம்படிச்சு, குச்சி வச்சு நேரா போட்டுருவேன். நடுவுல கீறல் விழும். மொகம் ரெண்டா இருக்கப்பிடாதுன்னு களிமண்ண வச்சு அடச்சிருவேன்." பிறகு என்னைக் காட்டி, பெருமையாக, "பாயே மாசம் தவறாம செருப்பக் கழத்திட்டு வந்து நின்னு கும்பிட்டுட்டுப் போறாக. அதப் பாத்துதான நாங்களே கும்பிட ஆரம்பிச்சோம்" என்றார்.

பிள்ளைகளே, அருவிச் சத்தம் பெரிய சத்தம். அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை.

மேடம் ஸ்கேலின் முனையால் சுண்ணாம்பைச் சுரண்டினார். ஏடு ஏடாக வந்தது, ஒவ்வொரு ஏட்டிலும் ஒரு கோடு. கடைசியில் பாறையை ஒட்டி நான் போட்ட கோடு தெரிந்தது. மலைப் பக்கம் பாதி மேலே இருந்தது. கல் பக்கம் பாதி மூன்று விரல் கீழே இறங்கியிருந்தது. அடைத்திருந்த களிமண்ணைக் குத்தி எடுத்ததும் என் உள்ளங்கை முழுசாக உள்ளே போனது.

சுத்தியலைக் கொடுங்கள் என்று மேடம் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை, நானே தட்டினேன். தலையில், நடுவில், அடியில். அடியில் தட்டும்போது சத்தமே வரவில்லை, சுத்தியல் பதிந்தது. கல் நின்றிருந்த அடிப்பாறை களியாகிப் போயிருந்தது. ஒவ்வொரு மழையும் அதில் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. கல் ஒவ்வொரு வருஷமும் அடுத்த அளவு எலுமிச்சம்பழம் உள்ளே போகிற அளவுக்குச் சாய்ந்திருக்கிறது.

அது வெள்ளிக்கிழமை. தென்மேற்கில் மேகம் கட்டியிருந்தது. ஞாயிறு வந்தால் அந்தக் கல்லுக்குக் கீழே நிற்கிற வரிசையில் இருநூறு பேருக்குக் குறையாமல் இருப்பார்கள்.

மேடம் அங்கேயே, ஒரு கடையின் டேபிளில் உட்கார்ந்து, படிக்கட்டை மூடச் சொல்லி உத்தரவு எழுதினார். கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். சீசன் தொடங்குகிற நேரத்தில் மூடினால் எங்கே போவது என்றார்கள். சாமிக் கல்லை எடுக்கத்தான் இந்த நாடகம் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் சரியான கேள்வியைக் கேட்டார். நாலு வருஷமாக மாதாமாதம் வந்து பார்க்கிற மேஸ்திரி, அசைகிறது என்று ஒரு தடவையாவது எழுதியிருக்கிறாரா? பதிவேட்டைக் காட்டுங்கள்.

மேடம் பதிவேட்டை என் பக்கம் தள்ளி, பேனாவைக் கொடுத்தார். இன்றைய வரியை எழுதச் சொன்னார்.

என்ன எழுதுவது என்று எனக்கு மூன்று வழி தெரிந்தது. இன்றைக்குத்தான் அசைந்தது என்று எழுதலாம். யாரும் மறுக்க முடியாது. கோடு வேறு ஆளால் மாற்றப்பட்டது என்று எழுதலாம். அது உண்மையும்கூட. கோமதி அக்கா மேல் கேஸ் வரும், எனக்கு ஒன்றும் வராது. கூட்டத்தில் நின்ற கோமதி அக்கா, விஷயம் அரைகுறையாகப் புரிந்து, முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தார். சுடலை வானத்தைப் பார்த்தான். சுண்ணாம்பு அவனுடையது.

நான் எழுதினேன். "கல் 17. மூன்று விரல் இறங்கியுள்ளது. நாலு வருடமாக நான் கோட்டைப் பார்த்தேன், கல்லைப் பார்க்கவில்லை. தட்டவும் இல்லை." கையெழுத்துப் போட்டேன். எட்டாம் வகுப்பு படித்தவன் எழுத்துதான், ஆனால் அடித்தல் திருத்தல் இல்லை.

மேடம் உதடு அசைய வாசித்தார். அதற்குக் கீழே, "இதைச் சரிபார்க்காமல் நான் நான்கு முறை கையெழுத்திட்டுள்ளேன்" என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். கேள்வி கேட்ட கடைக்காரர் அதை வாங்கி வாசித்தார். அவருக்கு மேலே கேட்க ஒன்றும் இல்லாமல் போனது. அது அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனாலும் கடையை யாரும் எடுக்கவில்லை. யார் முதலில் எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல்லுக்கு நேர் கீழே இருந்தது கோமதி அக்கா கடை. அவர் என்னிடம் வந்தார்.

"மாடன் விழுவாரா பாய்?"

"விழுவாரு."

"எப்பம்?"

"அது தெரியாதுக்கா."

அவர் கல்லைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்களத் தவிர வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன். மாசாமாசம் வந்து கும்பிட்ட ஆளு" என்றார்.

இப்படியே விட்டிருக்கலாம். அவர் கடையை எடுத்திருப்பார். ஆனால் அப்போதுதான் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்திருந்தேன், அந்தச் சூடு ஆறவில்லை. நான் கும்பிட வரவில்லை அக்கா, விரிசலைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

கோமதி அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "கும்பிடவும் இல்ல. விரிசலையும் பாக்கல. அப்பம் நாலு வருசமா மாசாமாசம் அங்கன வந்து நின்னு என்னதான் பாய் செஞ்சிய?"

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பிறகு விளக்கம் கேட்டு எனக்கு வந்த குறிப்பாணை இரண்டு பக்கம். அதில்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

கோமதி அக்கா திரும்பிப் போய் அடுப்பை அணைத்தார். எண்ணெய்ச் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினார். "ஏலே சுடல, சும்மா நிக்காம அந்தப் பெஞ்ச ஒரு கை புடி" என்றார். சுடலை பிடித்தான். அதைப் பார்த்து அடுத்த கடை, அதற்கடுத்த கடை. சாயங்காலத்துக்குள் எட்டுக் கடையும் எதிர்ப்பக்கம் போய்விட்டன. படிக்கட்டின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினோம்.

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பது நாளும் கடைக்காரர்கள் எங்களைத் திட்டினார்கள். கயிற்றுக்கு அடியில் நுழைந்து போகப் பார்த்தவர்களை நானும் சுடலையும் முறை வைத்துத் தடுத்தோம். கல் அப்படியே நின்றது. எங்களைப் பார்க்க அதற்கே பாவமாக இருந்திருக்கும். பத்தாம் நாள் காலை, சாரல் வலுத்து, பத்து மணி வாக்கில், கல் முதலில் கொஞ்சம் உட்கார்ந்தது. பாரம் தூக்குகிறவன் மூச்சுப் பிடிக்க உட்காருகிற மாதிரி. பிறகு சாய்ந்தது. விழுந்த வேகத்தில் மூன்றாக உடைந்தது. அதில் பெரிய துண்டு கோமதி அக்காவின் அடுப்பு இருந்த இடத்தில் போய் நின்றது. அடுப்பு மண்ணால் செய்தது, அதை மட்டும் எடுக்க முடியாமல் விட்டுப் போயிருந்தார். அதன் அடையாளம்கூட இல்லை. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

திட்டினவர்கள் மறுபடியும் திட்டினார்கள், இந்தத் தடவை கல் விழுந்து வழியை அடைத்துவிட்டது என்று. மேடம் வந்து பார்த்தார். விழுந்துவிட்டது மேடம் என்றேன். "விழுந்திட்டா?" என்றார். முதல் தடவையாக அந்தக் கேள்வி எனக்குப் பயமாக இல்லை.

பெரிய துண்டை உடைத்து, அருவித் தண்ணீர் போகிற ஓடையின் கரைக்கு அடுக்கினோம். சிதறின சில்லுகள் ஓடையில் போயின. அவை இப்போது முனை மழுங்கிக்கொண்டு தென்காசியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் காலத்தில் சீவலப்பேரியில் மணலாக வரலாம். நான் தேதி எழுதித் தர மாட்டேன்.

அதிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் எல்லாக் கல்லையும் மூன்று தட்டுத் தட்டினேன், யார் கும்பிட்டுக்கொண்டு நின்றாலும். ஒதுங்கி வழி விட்டார்கள். சிலர் தட்டி முடித்ததும் என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுத்தான் கும்பிட்டார்கள். இப்போது மாட்டியிருக்கிற கருவி நல்ல கருவி. அதற்குக் கூச்சம் கிடையாது. ஆனாலும் மாட்டினவர்களிடம் ஒன்று சொல்லிவைத்தேன்: மாதம் ஒரு தடவை யாராவது நேரில் போய், அதற்கு யாராவது மாலை போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிரித்தார்கள். இவர்கள் எதற்கும் சிரிக்கிறார்கள்.

கோமதி அக்கா கடை இப்போது எதிர்ப்பக்கம் இருக்கிறது. கடை ஓரத்தில் ஒரு கல் வைத்திருக்கிறார். இரண்டு கையால் தூக்கலாம், அவ்வளவுதான். மாடனின் சில்லு. அதன் ஒரு பக்கத்தில் கொஞ்சம் சுண்ணாம்பும் அரைச் சாண் செங்காவிக் கோடும் ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் அவர் கோடு போடுவதில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று கூப்பிட்டுச் சொன்னார். "ஒண்ணாந்தேதி வந்து பாத்துட்டுப் போங்க பாய். இந்தத் தடவ ஒழுங்கா பாருங்க."

போகிறேன். தென்காசியிலிருந்து டவுன் பஸ். சுத்தியலைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருப்பேன். தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று தட்டுவேன். ணங் என்கிறது. பிறகு ஒரு பஜ்ஜி. சொந்த நோட்டில் பழைய மாதிரியே நாலு கட்டம் போட்டு எழுதுகிறேன்.

போன ஒன்றாம் தேதி போனபோது கல் இருந்த இடத்தில் இல்லை. ஒரு சாண் தள்ளி இருந்தது. விசாரித்தேன். எழுதிக்கொண்டேன்.

அசைவு: உண்டு, ஒரு சாண். காரணம்: பிற (கோமதி அக்கா, விளக்குமாறு).